இருபக்கமும் பை வைத்த உள்ளாடை

09.03.2022, புதன்கிழமை, காலை 6.40 மணி
கடிதம் எண் 31: உள்ளாடை வாங்கிய விவரம்

அன்பும் மதிப்பும் மிக்க என் மனைவிக்கு,

நான் நலம். உன் தையல் ஆறிவிட்டதா, கையைத் தலைக்கு மேல் தூக்க முடிகிறதா?

பழைய உள்ளாடை தழும்பில் உரசுகிறது என்றாய் அல்லவா? ஞாயிறன்று கிடங்கு விடுமுறையாதலால் கடைக்குச் சென்றேன். மார்பை எடுத்த இடத்தில் பஞ்சுத் திண்டு வைக்க உள்ளே பை தைத்த வகை இருக்கிறதாம்.

"எந்தப் பக்கம் ஆபரேஷன்?" என்று விற்பனைப் பெண் கேட்டாள்.

"பிப்ரவரி பதினாலு, காலையில ஒன்பதே கால்" என்றேன்.

"தேதிய யாரு கேட்டா தாத்தா? வலதா, இடதா?"

எனக்குத் தெரியவில்லை. தொலைபேசியில் நீ, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது" என்றாய். விடுப்பு கிடைக்காத வெட்கத்தில் நானும் மேலே கேட்கவில்லை. நாற்பத்தொரு வருடம் உன்னோடு வாழ்ந்தவன், "தெரியலையேம்மா" என்றேன்.

"அப்ப ரெண்டு பக்கமும் பை வெச்சதே எடுத்துக்குங்க" என்றாள். கம்பியில்லாத பருத்தி, கொக்கி முன்பக்கம். விலையும் நமக்குக் கட்டுப்படியானதே. உரசினால் மறைக்காமல் சொல்.

மூன்று நாளாக அறையில் அந்தக் கேள்வியோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். எந்தப் பக்கம் என்று ஒரு வரி எழுது. வலிக்கிறதா என்றும் எழுது. வேலைக்கு நேரமாகிவிட்டது.

இப்படிக்கு,
உன் கணவன்

இணைப்பு:
1. உள்ளாடை, இரண்டு.
2. பஞ்சுத் திண்டு, ஒன்று.
3. தபால்தலை ஒட்டி, என் விலாசம் எழுதிய உறை, ஒன்று.