ஊரின் உயரம்

சனி, ஊரிகம்.

நாளை தங்கை கலா காற்று உருளையோடு கல்குவாரி நீரில் ஆழமாக முங்கப் போகிறாள். உடம்பில் ஏறிய காற்று குமிழாகாமலிருக்க, மேலே வரும்போது எங்கெங்கே நின்று வர வேண்டும் என்று சொல்லும் மென்பொருளை நம்பிக்கையில்லாமல்தான் திறந்தேன். அவள் அனுப்பிய கணக்கில் ஆழத்தைச் சரியாகப் போட்டிருந்தாள். மேட்டு நிலத்திலிருக்கும் எங்கள் ஊரின் உயரம் மட்டும் பூஜ்யம், கடல்மட்டமாம்! சுரங்க ஊர், இங்கே எல்லாருக்கும் கீழ்நோக்கி அளந்துதான் பழக்கம். உயரத்தில் காற்றழுத்தம் குறைவல்லவா, அதைத் திருத்தியதும் கடைசி நிறுத்தத்தின் நேரம் கண்ணெதிரே நீண்டது. பூஜ்யத்தையும் சரியான உயரத்தையும் மாற்றி மாற்றிப் போட்டேன், உயரம் போட்டபோதெல்லாம் நீண்டது. தனியாகக் கைதட்டினேன்.

போனில் சொன்னேன்.

“இன்னாக்கா, சொரங்க ஷாஃப்ட்டுல எறங்குனவங்க பேத்தி நானு. மேட்ட எங்க பாக்குறது?” என்று சிரித்தாள். பிறகு குரல் தணிந்தது. “பழைய கணக்குல ஏறியிருந்தா மூட்டெல்லாம் முறுக்கியிருக்கும். மாத்திட்டேன். நீயும் வந்து கரையில நில்லுக்கா.”

போகிறேன். எனக்கு நீச்சலே தெரியாது. ஆனாலும் இப்போது என் பெயரில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.