சித்திக்காக நான் கேட்ட கேள்வி

அன்புள்ள அம்மாவுக்கு,

இதை யாருக்கும் காட்டாதே, அப்பாவுக்குக்கூட. உன்னிடம் சொல்லக் கூடாதென்று சித்தி சத்தியம் வாங்கியிருக்கிறாள். உன் முதுகுவலி தேவலையா?

சித்தி நலம், பயப்படாதே. கருவைக் கலைக்க மாத்திரை வாங்கப் போனபோது, இந்த ஊர்ப் பேச்சு அவளுக்கு வராததால் என்னையும் கூட்டிப் போனாள்.

நர்ஸ் ஒரு தாளை வாசித்தார். வாசித்தே ஆக வேண்டும் என்பது சட்டமாம். முதல் மாத்திரை போட்டபின் மனம் மாறினால் வேறு மருந்து கொடுத்துக் கருவைக் காப்பாற்றலாம் என்று அதில் இருந்தது. அதை நான் தமிழில் சொன்னதும், "அப்ப போட்டுட்டு அப்புறம் யோசிக்கலாமேடி" என்றாள் சித்தி.

நர்ஸ் என்னையே பார்த்தார். "ஏதாவது கேக்கணுமா?" என்று இரண்டு தடவை கேட்டார். நாங்கள் கேட்காமல், தாளில் உள்ளதை அவராக மறுத்துப் பேச முடியாது என்று அப்போதுதான் புரிந்தது.

"இதுக்கு ஆதாரம் இருக்கா?" என்றேன்.

"நம்பற மாதிரி எதுவும் இல்லம்மா. மாத்திரை பாதுகாப்பானதுதான். ஆனா தீர்மானமா முடிவு பண்ணிட்டுப் போடுங்க."

நான்கு நாள் யோசித்து, முழு மனதோடு போட்டாள். நேற்றைய பரிசோதனையில் எல்லாம் சரி. "நீ வாயத் தொறந்ததால நான் பொழச்சேன்டி" என்கிறாள். வகுப்பில் பேசவே பேசாத உன் மகளைப் பார்த்துத்தான், அம்மா.

என் பழைய போர்வையை அனுப்பு. இங்குள்ளதில் யார் வாசனையும் இல்லை.

சித்தி கதவைத் தட்டுகிறாள். வீட்டுப்பாடம் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்—