மடங்காத கைகள்

மட்டக்களப்பு
22.04.2025

அன்புத் தம்பி றெஜினோல்டுக்கு,

பெரிய வெள்ளிக்கிழமை மாலை நம் கோயிலில் ஆண்டவரைச் சிலுவையிலிருந்து இறக்கி ஆசந்திப் பெட்டியில் கிடத்த முடியவில்லை. நீ பாரிசிலிருந்து அனுப்பிய சொரூபத்தின் கைகள் மடங்காது.

போனில் சொல்லியிருக்கலாம். பெருவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு வேலைக்குப் போய்விடுவாய். கடிதமென்றால் இருந்து வாசித்தாக வேண்டும்.

பழைய மரச் சொரூபத்துக்குத் தோளில் மூட்டு உண்டு. ஆணியைக் கழற்றினால் கை தானாகச் சரியும். உடம்போடு சேர்த்துப் பெட்டியில் வைப்போம். உன்னுடையது அச்சில் வார்த்த சாமான், விரித்த கை விரித்தபடி. சபைச் செயலாளர் ரதீஸ் அதைச் சாய்த்துப் பார்த்தான், பிறகு அலுமாரி ஏற்றுவதுபோல் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தான். கீழே நின்ற ஒருவன், “மெதுவா, பெயின்ற் கழரும்” என்றான். ஆண்டவர் பட்ட பாடுகளில் இது புதிய பாடு.

கடைசியில் வெறும் பெட்டிக்கு வெள்ளைத் துணி போர்த்தி ஊர் சுற்றினோம். அதையும் தோளில் அல்ல, லேண்ட்மாஸ்டர் உழவு மெசினில். புலம்பல் பாட்டுக்குக் கீபோர்டில் தாளம். அழுதவர்களைவிடப் படம் எடுத்தவர்கள் அதிகம். மற்ற நாட்களில் பீடத்தைச் சுற்றி விளக்குகள் பச்சையாகி ஊதாவாகின்றன. பக்கத்தில் சாரிக்கடை வைத்திருக்கும் அஹமட்கூட அப்படிப் போடுவதில்லை.

போதாததற்கு உன் சொரூபத்தின் முகம். ஷாம்பு விளம்பரக்காரன் மாதிரி. அதற்கு மூன்றாம் நாள் உயிர்த்தெழ வேண்டிய தேவையே இல்லை. அதைப் பார்த்தால் கைதட்டலாம், முழங்காலில் நிற்க வராது.

அண்ணன்,
லூர்துநாயகம்


பாரிஸ்
11.05.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இருந்துதான் வாசித்தேன்.

என் வீட்டுக்கு அருகே ஒரு கோயில் இருக்கிறது. கல்லும் கண்ணாடியும் நீங்கள் விரும்பும் அழகு. ஞாயிறு பூசைக்கு ஒன்பது கிழவிகள். அழகு மட்டும் ஆளைக் கூட்டிவராது, அண்ணா. நம் பிள்ளைகள் விளக்கைப் பார்த்தாவது வரட்டுமே.

கைகளைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. முகத்தை மட்டும் பார்த்துத் தெரிந்தெடுத்தேன். அதன் அடியில் அம்மாவின் பெயர் இருப்பதை நீங்கள் எழுதவில்லை. அம்மாவின் அடக்கத்துக்கு வராதது கல்மனத்தால் அல்ல. என் வதிவிட அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். வெளியே போனால் திரும்ப விடமாட்டார்கள். வெட்கத்தில் உங்களிடம் சொல்லவில்லை. பிறகு இரண்டு வருடம் இரவு வேலையும் செய்து அந்தச் சொரூபத்தை அனுப்பினேன்.

கோயில் திருத்தியபோது கழித்த மரங்களோடு பழைய சொரூபமும் உங்கள் மர ஆலைக்கு வந்ததாக ரதீஸ் சொன்னான். அரியாமல் இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

தம்பி,
றெஜினோல்ட்


மட்டக்களப்பு
02.06.2025

அன்புத் தம்பிக்கு,

ஓம், என்னிடம்தான் இருக்கிறது. விறகு விலைக்குத் தந்தார்கள். வாய் திறக்காமல் வாங்கினேன். தன் சாமானின் பெறுமதி தெரியாதவனிடம் நான் எப்போதும் அப்படித்தான் வாங்குவேன்.

மரம் அரியும் ஏறாவூர் றம்ஸீன்தான் லொறியிலிருந்து இறக்கினான். தேய்ந்துபோன பாதத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “மொதலாளி, இத வாளுக்குக் குடுக்க ஏலா. எத்தின பேர்ர கை பட்டிருக்கு” என்றான். சபைக்காரர் பதினொருவருக்கும் தெரியாதது அவனுக்குத் தெரிந்தது.

அட்டை விஷயத்தை அன்றே சொல்லியிருந்தால் ஏசியிருப்பேன், ஆனால் விளங்கியிருப்பேன். அம்மாவின் தலைமாட்டில் நீ போன் திரையில் நின்றாய். வந்தவர்கள் அம்மாவையும் கும்பிட்டு உன்னையும் கும்பிட்டார்கள். சிக்னல் அறுந்ததும் உன் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. பெட்டியை மூடும்வரை அப்படியே. அதைத்தான் மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பழையதைத் தருகிறேன். காசு வேண்டாம். நீ வந்து உன் கையால் ஆண்டவரை இறக்க வேண்டும். விளக்கு கழற்றப்பட வேண்டும். பெயர்ப்பலகையும். அம்மாவுக்கு விளம்பரம் தேவையில்லை.

லூர்துநாயகம்


பாரிஸ்
20.06.2025

அண்ணா,

வாறன். இப்போது அட்டை கையில் இருக்கிறது. ஆனால் பெயர்ப்பலகையைக் கழற்ற விடமாட்டேன். விளக்கை முழுக்கக் கழற்றினால் ரதீஸ் வேறு கோயிலுக்குப் போய்விடுவான். மகள் லியாவும் வருவாள், அவள் போன் இல்லாமல் ஏழு நிமிடம் இருந்ததை நான் காணவில்லை. இவ்வளவையும் சகிப்பீர்களென்றால் டிக்கெட் போடுகிறேன்.

றெஜி


மட்டக்களப்பு
07.07.2025

தம்பி றெஜிக்கு,

ரதீஸ் வேறு கோயிலுக்குப் போவதை நட்டமாக நினைக்கிறாயே, நீ இன்னும் வியாபாரம் படிக்கவில்லை. ஆனாலும் பாதரிடமும் அவனிடமும் பேசிவிட்டேன். றம்ஸீன் தோள் மூட்டுக்கு எண்ணெய் விட்டிருக்கிறான். சத்தமில்லாமல் மடங்குகிறது.

முடிவாகப் பேசியது இது. உன் சொரூபம் வருடம் முழுக்கப் பீடத்தில் இருக்கும், அம்மாவின் பெயரோடு. பெரிய கிழமை ஏழு நாளுக்கு மட்டும் அது உள் அறைக்குப் போகும், என்னுடையது வரும். அந்தக் கிழமை விளக்கும் கீபோர்டும் கிடையாது. ஆசந்தி தோளில் போகும். லியா உயிர்ப்பு ஞாயிறன்று எத்தனை படமும் எடுக்கலாம், வெள்ளிக்கிழமை ஒன்றும் இல்லை. ஏணியில் வலது கை உனக்கு, இடது கை எனக்கு.

அண்ணன்