ஆடிக்கு வந்த பூந்தி

கீழக்குயில்குடி
ஆடி மாசம், வெள்ளிக்கிழமை

என் பேத்தி சத்யப்ரியாவுக்கு அப்பத்தா மாயக்காள் ஆசையோடு எழுதுவது. அய்யனார் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்தை உன் கையால் எழுதினால்தான் இனி நம்புவேன்.

முதலில் நம்ம வீட்டுப் பிள்ளைகள் சங்கதி. உன் அண்ணன் அசோக்குமார் எஸ்.ஐ. ட்ரெய்னிங் முடிச்சிட்டான். தோளில் ஸ்டார் வச்ச சட்டையோடு கோயிலுக்கு வந்தான், உட்கார்ந்திருந்த பெருசுகளெல்லாம் எந்திரிச்சு நின்னுச்சுக. போஸ்டிங் உங்க ஓசூர்ப் பக்கம்தான், ஆவணி பிறந்ததும் அங்கே சேர்றான். தங்கச்சி பவதாரிணி சட்டக் கல்லூரியில் கேஸ் பேசுற போட்டியில் ஜெயிச்சு கப் வாங்கிட்டு வந்தா. அவளை வாயாடின்னு சொன்னவுகளை எல்லாம் கூப்பிட்டு அந்தக் கப்பிலேயே காப்பி ஊத்திக் குடுக்கணும்னு இருக்கேன். எம்.காம்.மில் நீ தங்க மெடல் வாங்கின போட்டோ டி.வி.க்கு மேல மாட்டியிருக்கு. அதைக் காட்டாமல் வீட்டுக்கு வந்தவுகளுக்கு நான் தண்ணிகூடக் குடுக்கிறதில்லை. அஞ்சாவதோடு நிறுத்தினவ பேரப்பிள்ளைகள்னு யாரும் லேசா நினைக்க முடியாது.

தலை ஆடிக்குப் பொண்ணை அழைக்காத வீடு நம்ம பக்கத்தில் உண்டா? உங்க அப்பனும் ஆத்தாளும் வேட்டி சேலை, பழத்தட்டோடு ஓசூர் வரைக்கும் வந்து அழைச்சாக. உன் வீட்டுக்காரர் இப்ப அனுப்ப முடியாதுன்னுட்டார். நீ தலைவலின்னு உள்ளே படுத்திருக்கேன்னாராம். பெத்தவ வந்திருக்கும்போது எழுந்து வரவிடாத தலைவலி என்ன தலைவலின்னு உங்க ஆத்தாளைக் கேட்டேன். அவ வெங்காயம் உரிக்க உட்கார்ந்துட்டா.

மறு வாரம் வாசலில் ஒரு கார் வந்து நின்னுச்சு. நீதான்னு நினைச்சு ஆலாத்தி கரைச்சு எடுத்துக்கிட்டு ஓடினேன். டிரைவர் பின் சீட்டிலிருந்து பூந்தியை இறக்கிவிட்டார். காலேஜ் வாசலில் கிடந்த குட்டியை மடியில் போட்டு எடுத்துட்டு வந்து வளர்த்தே. அதை விட்டுட்டுப் போக மாட்டேன்னு அழுது கல்யாணத்தோடு கூட்டிட்டும் போனே. ஆடிக்கு நீ வரலை, உன் நாய் வந்துச்சு.

உன் வீட்டுக்காரர் போனில் சொன்னார். எந்நேரமும் குரைக்குதாம், செருப்பைக் குதறுதாம், வீட்டுக்குள்ளேயே ஒண்ணுக்குப் போகுதாம், கடைசியில் அவர் கையையே கடிச்சிருச்சாம். திமிர் பிடிச்ச நாய், நீங்களே வச்சுக்கங்கன்னு போனை வச்சிட்டார். கோழிக்குஞ்சு முதுகில் ஏறி விளையாடினாலும் கண்ணைத் திறக்காத நாய்க்கு எங்கிருந்து வந்துச்சு திமிர்? முதலில் டிரைவர் மேல்தான் எனக்குச் சந்தேகம், வழியில் எதையாவது தின்னக் குடுத்துட்டாரோன்னு. அப்புறம் பார்த்தால் சங்கதி வேற.

சாயங்காலம் புல்லட் வண்டிச் சத்தம் கேட்டால் நின்ன இடத்திலேயே ஒண்ணுக்குப் போயிருது. உங்க அப்பன் வேலை முடிஞ்சு வந்து இடுப்பு பெல்ட்டைக் கழற்றினால், வயித்தைத் தரையில் ஒட்டிக்கிட்டுக் கட்டிலுக்கு அடியில் ஊர்ந்து போயிருது. நம்ம தெருவில் புல்லட் வச்சிருக்கிறது மொக்கைச்சாமி ஒருத்தன்தான், அவன் ஒரு ஈயைக்கூட விரட்ட மாட்டான். வேற யார் புல்லட் ஓட்டுறாகன்னு யோசிச்சேன். உன் கல்யாணத்துக்கு நாமதானே ஒண்ணு வாங்கிக் குடுத்தோம்.

கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். டாக்டரம்மா அதைத் தொடாமல் தரையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தாங்க. இது திமிர் இல்லை, பயம்னு சொன்னாங்க. பயந்த நாய்தான் இப்படி ஒண்ணுக்குப் போகுமாம், அதுக்காக அடிச்சால் இன்னும் கூடுமாம். தனியா அடைச்சுப் போட்டால் ஆள் வாசனைக்கு ஏங்கிச் செருப்பைக் கடிக்குமாம். உறுமினால் அதட்டாதீங்க, உறுமக்கூடப் பயந்துட்டால் அப்புறம் சொல்லாமல் கொள்ளாமல் கடிச்சிரும்னாங்க. கடைசியில், அது கையைக் கடிச்ச நேரத்தில் அந்த வீட்டில் என்ன நடந்துக்கிட்டு இருந்துச்சுன்னு கேட்டாங்க. நான் உங்க அப்பனைப் பார்த்தேன். அவன் சுவரில் இருந்த தடுப்பூசி விவரத்தைப் படிச்சுக்கிட்டு நின்னான். வர்ற வழியில், மாப்பிள்ளையைப் பத்தி வாய்க்கு வந்ததைப் பேசாதே ஆத்தான்னான். நான் ஒண்ணும் பேசலையேடா, நீதானே பேசுறேன்னேன்.

போன வாரம் குழம்பில் உப்பு இல்லைன்னு உங்க அப்பன் உங்க ஆத்தாளைச் சத்தம் போட்டு, கையை நீட்டி ஏசினான். வழக்கமா நடக்கிறதுதான். கட்டிலுக்கு அடியில் கிடந்த பூந்தி, உடம்பெல்லாம் நடுங்க ஊர்ந்து வந்து உங்க ஆத்தா காலுக்கு முன்னாடி நின்னு அவனைப் பார்த்து உறுமுச்சு. நடுக்கம் நிக்கலை, நகரவும் இல்லை. ஒரு பொம்பளைக்கு முன்னாடி இப்படிப் போய் நிக்க அதை நம்ம வீட்டில் யாரும் பழக்கலை. எங்கே பழகுச்சு, சத்யா? உங்க அப்பன் கையை எடுத்துக்கிட்டான். சோத்தை அப்படியே வச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டான். விடிஞ்சதும் அவனே அசோக்குக்குப் போன் போட்டுத் தனியா பேசினான்.

இப்ப டாக்டரம்மா சொன்னபடி செய்றோம். மொக்கைச்சாமி தெருமுனையில் நின்னு வண்டியை ஸ்டார்ட் பண்ணுவான், நான் அவிச்ச ஈரல் துண்டைப் பூந்தி வாயில் குடுப்பேன். தினமும் கொஞ்சம் கிட்டே வந்து ஸ்டார்ட் பண்றான். பொண்ணு பார்க்கக் கிளம்பினவனை நாய்க்கு வண்டி ஓட்டிக் காட்டச் சொல்றியே ஆத்தான்னு ஒரே அலுப்பு. சத்தம் கேட்டால் இப்ப காதை மட்டும் மடக்குது, ஒண்ணுக்குப் போறதில்லை. உங்க அப்பன் பெல்ட்டை விட்டுட்டு வேட்டிக்கு மாறிட்டான். பயந்த உயிருக்கு அதன் இடத்துக்கு வந்துட்டோம்னு தெரிஞ்சால் போதும் தாயி, மத்தது மெதுவா சரியாகும்.

போன் பண்ணினால் உன் வீட்டுக்காரர்தான் எடுக்கிறார். உன்கிட்டே குடுத்தாலும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் குடுக்கிறார். சாப்பிட்டியான்னா சாப்பிட்டேங்கிறே, அம்புட்டுத்தான் பேச்சு. இந்தக் கடுதாசியையும் அவர்தான் பிரிப்பார். பிரிக்கட்டும், நாயைப் பத்தித்தானே எழுதியிருக்கேன். அண்ணன் அங்கே வர்ற சேதியையும் அவரே படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டால் நல்லது.

போன மாசம் வாட்ஸ்அப்பில் நீ அனுப்பின படம் பழசு. அந்தச் சேலை கல்யாணத்துக்கு முந்தின வருஷம் தெப்பத் திருவிழாவுக்குக் கட்டினது, எடுத்துக் குடுத்த எனக்குத் தெரியாதா? ஸ்டூடியோவுக்குப் போய்ப் புதுசா ஒண்ணு எடு. முடியை அள்ளி முடிஞ்சுக்கோ, காதும் கழுத்தும் தெரியட்டும். நான் போட்ட வளையல் தெரியிற மாதிரி ரெண்டு கையையும் முன்னால் வை. பவுடர் பூசாதே. படம் ஆவணிக்குள்ளே வந்து சேரலைன்னா அசோக்கை உன் வாசலுக்கே அனுப்புவேன். அவன் படத்துக்காக வர மாட்டான், உன்னைக் கூட்டிட்டு வரத்தான் வருவான். இங்கே உன் அறையைக் கூட்டி வச்சிருக்கேன். பூந்தி அந்த வாசப்படியில்தான் படுக்குது.

அழகர் உன் பக்கத்திலேயே நிக்கணும் தாயி. புதுப் போட்டோவைத் தபாலில் போடு.

உன் அப்பத்தா,
மாயக்காள்