டென்ட்டைத் தூக்கிக் கொடுத்த தங்கமான மனிதருக்கு

தங்கமான மனிதரே,

இந்தப் பட்டம் நான் கொடுத்ததல்ல. இன்று காலை புதுப்பட்டினம் மீன் மார்க்கெட்டில் உங்களோடு வேலை பார்க்கும் ஜோஷ்வாவின் மனைவி கொடுத்தது.

"அக்கா, உங்க வூட்டுக்காரரு ஷிஃப்ட்டும் மாத்திக் குடுத்தாரு, டென்ட்டும் குடுத்தாரு. பசங்களோட செய்யூர் சவுக்குத் தோப்புக்குக் கெளம்பிகினு கீறோம். தங்கமான மன்சன்!"

வேலைக்கு ஆள் இல்லை, லீவு கிடைக்காது என்றுதானே நம் டென்ட் பயணத்தை நிறுத்தினீர்கள்? நிதின் இரண்டு மாதமாகக் காலண்டரில் நாட்களை அடித்துக்கொண்டு வந்தான். சஹானா டார்ச்சைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கினாள். போகவில்லை என்று பிள்ளைகளிடம் சொல்லும் வேலையையும் என் தலையில் கட்டினீர்கள்!

ஜோஷ்வாவின் மனைவி ஒரு பேச்சுக்கு, "நீங்களும் வாங்களேன்" என்றாள். வருகிறோம் என்றுவிட்டேன். அவர்கள் வேனில் போகிறோம். டென்ட் நம்முடையது, அதில் நாங்கள்தான் படுப்போம்.

சாம்பார் அடுப்பின் மேல் இருக்கிறது. சூடுபண்ணினால் கேஸை மூடுங்கள்.

வசுமதி

பி.கு: சாப்பிட்டதும் சாவியை எதிர் வீட்டில் கொடுத்துவிட்டு செய்யூர் பஸ்ஸைப் பிடியுங்கள். டென்ட்டில் உங்களுக்கும் ஓர் இடம் வைத்திருப்போம். வருகிற வழியில் அதையும் யாருக்காவது கொடுத்துவிடாதீர்கள்.