டேவிட் அண்ணன் பெயரில்

ஜூலை 7, திங்கள்
காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. எளாவூர் சோதனைச்சாவடியில் லாரி நெரிசல். பஸ் அரை மணி தாமதம்.

தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் புரோகிராமில் யார் எதை மாற்றினார்கள் என்று பார்க்கப் புதுக் கருவி போட்டாயிற்று. கறுப்புத் திரையில் ஒரே கட்டளை அடித்தால் போதும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எழுதியவர் பெயர், தேதி, கலர் கலராக.

முதல் வரி: டேவிட், நேற்று முன்தினம்.

டேவிட் அண்ணன் செத்து ஒரு மாதம். மாரடைப்பு. பெட்டிக்கு நானும் தோள் கொடுத்தேன். உடம்பு சிலிர்த்துவிட்டது. பிறகுதான் உறைத்தது. புரோகிராமை மாற்ற எல்லாரும் தொடும் ஒரே லேப்டாப்பைத் தயார் செய்தவர் அவர். பெயரை யாருமே மாற்றவில்லை. அதில் நான் சேமித்ததெல்லாம் அவர் பெயரில்.

சிரித்துப் பார்த்தேன்.
வாங்க வேண்டியது: சார்ஜர், தலைவலி மாத்திரை.

ஜூலை 8, செவ்வாய்
கருவியைப் பார்த்து மேனேஜர் குஷி. போன வாரம் லைன் மூன்றில் கோபிக்கு இரண்டு விரல் போனதே, அதற்குக் காரணமான வரியைக் காட்டச் சொன்னார். கை விலகிய பிறகு பிரஸ் காத்திருக்கும் நேரம். ஒரு வினாடி இருந்தது அரை வினாடி ஆகியிருக்கிறது. பிப்ரவரியில். பெயர்: டேவிட்.

"சரியாப் போச்சு. போனவரு பேர்லயே ரிப்போர்ட் எழுதிடு. உசுரோட இருக்கிறவனுக்கு இன்னாத்துக்கு பேஜாரு?"

பிப்ரவரியில் அதை மாற்றிய அன்று அண்ணன் லீவு. மகள் பள்ளி ஆண்டு விழா. வேகம் பத்தவில்லை என்று மேலிடத்தில் கத்தினார்கள். காத்திருக்கும் நேரத்தைக் குறைத்தது நான். அவரிடம் சொல்லவும் இல்லை.

தலையை ஆட்டிவிட்டு வந்தேன். த்தூ.

ஜூலை 9, புதன்
எதைத் திறந்தாலும் டேவிட், டேவிட், டேவிட். கலரை அணைத்தேன். பெயர் அப்படியே.

கேன்டீனில் முதுகுக்குப் பின்னால், "இன்னா நைனா, சாம்பார் ஊத்தட்டா?" அவர் குரலேதான். திரும்பினால் பரிமாறுகிறவர். தட்டை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

ஸ்டெல்லா அண்ணிக்குப் பேக்கிங்கில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். இப்போது ஆபீசில் பேச்சு: "விரல் போனதே அவராலதான். இதுல பொண்டாட்டிக்கு வேல வேறயா?"

வருகைப் பதிவேட்டை போட்டோ எடுத்தேன். அந்தத் தேதியில் அவர் லீவு, நான் வேலையில். வேலை போகும். கேஸும் வரலாம்.

ஜூலை 10, வியாழன்
மேகமூட்டம். சாப்பாட்டு நேரத்தில் அண்ணி வீடு. அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"கோபி ஊட்லர்ந்து வந்து, உன் புருசன் இப்டிப் பண்ணலாமான்னு கேட்டுட்டுப் போறாங்க தம்பி. இன்னா சொல்றது நானு?"

சொன்னேன். எல்லாம். போட்டோவையும் காட்டினேன்.

அண்ணி அரிசிப் பாத்திரத்தைக் கீழே வைத்தார். பிறகு, "எப்போ தெரியும் உனுக்கு?"
"செவ்வாக்கெழம."
"ரெண்டு நாளா இன்னா பண்ணிக்கினு இருந்த?"

அண்ணி ஈரக் கையைப் புடவையில் துடைத்தார். செருப்பை மாட்டினார்.

"நட. கம்பெனில மேனேஜராண்ட என் எதுர்ல சொல்லு."