சுத்தியல் படும் இடம்

மார்ச் 4

அன்புள்ள அத்தானுக்கு,

அக்காவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்கிறாள். நீங்கள்தான் உண்மையை எழுத வேண்டும்.

நீங்கள் ஓய்வு பெற்ற பிறகு பாய்லர் சோதனைக்குத் தனியாகத்தான் போகிறேன். நீங்கள் சுத்தியலால் தட்ட, தகடு கெட்டியா, துரு தின்றதா என்று நான் அதில் காதை வைத்துக் கேட்ட காலமெல்லாம் போயிற்று. என் மகன் பிறந்த அன்று நீங்களே தட்டி, நீங்களே கேட்டு, மறுநாள் என்னைக் கையெழுத்து மட்டும் போடச் சொன்னீர்களே, அதைச் சாகும்வரை மறக்க மாட்டேன்.

ஒரு மனத்தாங்கல். போனில் பேசினால் அக்கா பக்கத்தில் இருப்பாள், அதனால் எழுதுகிறேன். நாம் சோதனை போட்ட அதே துணி ஆலையிலா போய்ச் சேர வேண்டும்? ஓய்வு பெற்ற அரசு ஆய்வாளர் இரண்டு வருடம் தனியாரிடம் சேரக்கூடாது என்று விதி இருக்கிறதே. "வேலை இல்லப்பா, ஆலோசகர்" என்று ஆபீஸில் கண்ணடிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்கள் மச்சான்

மார்ச் 11

அன்புள்ள மச்சானுக்கு,

அக்கா மாடிப்படி ஏறுவதில்லை. மற்றபடி வாய் நன்றாக வேலை செய்கிறது.

விதியை எனக்கே சொல்லித் தருகிறாயா? ஒரு ஏ.சி. அறை, ஒரு நாற்காலி, வேளாவேளைக்கு டீ. கேட்டால் பதில் சொல்வேன், அவ்வளவுதான். வாழ்நாளெல்லாம் பாய்லர் சூட்டில் வெந்தவன் கொஞ்சம் குளிரில் உட்கார்ந்தால் யாருக்கு என்ன குறைந்துவிட்டது? சோதனைக்கு வரும்போது வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அக்காவின் கட்டளை.

அன்புடன்,
அத்தான்

ஏப்ரல் 2

அன்புள்ள அத்தானுக்கு,

நேற்று ஊருக்கு வந்தும் வீட்டுக்கு வராமல் போனேன். அக்காவிடம் ஏதாவது சொல்லிச் சமாளியுங்கள். வந்திருந்தாலும் சோறு இறங்கியிருக்காது.

ஆலை பாய்லரை அணைத்து ஆறவைத்திருந்தார்கள். வழக்கமான இடங்களில் தட்டினேன். கணீரென்று இருந்தது. சந்தோஷமாகக் கிளம்பியவன் கால் இடறிப் பின்பக்கம் கையை ஊன்றினேன். நாம் ஒருநாளும் தட்டாத இடம். பெயிண்ட் உரிந்து வந்தது. அடியில் ஈரத் துரு கையோடு ஒட்டியது. திரும்ப வந்து சுரண்டிப் பார்த்தால், நாம் தட்டும் இடங்களில் மட்டும் புதுத் தகடு. நாம் எங்கே தட்டுவோம் என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும், அத்தான்.

சீல் வைத்துவிட்டேன். அந்தப் பின்சுவருக்கு அப்பால்தான் வேலை செய்யும் பெண்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். "நான் சொல்லவில்லை" என்று ஒரு வரி எழுதுங்கள். நம்பிவிடுகிறேன்.

உங்கள் மச்சான்

ஏப்ரல் 15

அன்புள்ள மச்சானுக்கு,

"எதை முதல்ல சரி பண்ணணும்?" என்று முதலாளி கேட்டார். நாம் தட்டும் இடங்களைச் சொன்னேன். மற்றதை அடுத்த வருடம் மாற்றுவார்களாம். ஆலையை மாதக்கணக்கில் மூடினால் அதே பெண்கள்தான் பட்டினி கிடப்பார்கள், யோசித்தாயா?

உனக்கு மாற்றல் வரும். நல்ல ஊராகப் பார்த்துப் போடச் சொல்லியிருக்கிறேன். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பக்கம். கோபப்படாதே.

அன்புடன்,
அத்தான்

ஜூலை 9

அத்தான்,

என்னை மாற்றிய பிறகு என் இடத்துக்கு வந்தவர் சீலை எடுத்தார். செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் பாய்லர் வெடித்தது. நீங்கள் ஏ.சி. அறையில் இருந்தீர்கள், பிழைத்தீர்கள். அந்தச் சுவர் இல்லை. அதற்கு அப்பால் சாப்பிட உட்கார்ந்தவர்களும் இல்லை.

விசாரணையில் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். உங்களையும் சேர்த்துத்தான். அக்கா தனியாகிவிடுவாள் என்று தெரியும். இருந்தாலும் சொல்வேன்.

ஜூலை 20

அன்புள்ள மச்சானுக்கு,

கம்பெனி வக்கீல் நாள் முழுவதும் என் எதிரில் உட்கார்ந்திருந்தார். "உங்க மச்சான் சாட்சி சொன்னா நாம எல்லாரும் காலி. அவரை எங்க தட்டினா உடைவார்னு உங்களுக்குத்தானே தெரியும்?" என்றார். முதலில் மாட்டேன் என்றேன். எனக்கு ஜெயில் நிச்சயம் என்றார். அப்புறம் என் மனைவிக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்.

சொல்லிவிட்டேன். உன் மகன் பிறந்த நாள். பார்க்காத பாய்லருக்கு நீ போட்ட கையெழுத்து. அடுத்த வாரம் விசாரணையில் உன்னிடம் முதலில் அதைத்தான் கேட்பார்கள். பதில் யோசித்து வைத்துக்கொள்.

நான் சொன்னது தெரிந்ததும் அக்கா இன்று காலை துணிமணியை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். அவளால் படி ஏற முடியாது. கீழ் அறையைக் கொடு.

அத்தான்